டிடிஎஸ் மீட்டர் சொல்லாதது: சேலத்தில் குழாய்த் தண்ணீரா, கேனா, ஆர்ஓவா, ஏற்காட்டுச் சுனையா?

சேலத்தில் புதிதாக ஒரு தெருவுக்குக் குடி போகிறவர்கள் பக்கத்து வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறாங்க?" அடுத்தது, "குடிக்கிறதுக்கு என்னங்க பண்றீங்க?" முதல் கேள்விக்குத் தெரு முழுக்க ஒரே பதில். இரண்டாவதற்கு வீட்டுக்கு வீடு மாறும். கீழ் வீட்டில் காய்ச்சிக் குடிப்பார்கள், எதிர் வீட்டில் கேன் போடுவார்கள், மாடி வீட்டில் உப்பையும் சேர்த்து வடிகட்டும் ஆர்ஓ கருவி மாட்டியிருப்பார்கள். ஏற்காட்டில் சொந்தபந்தம் உள்ளவரோ, "எங்க சுனைத் தண்ணிக்கு முன்னாடி இதெல்லாம் நிக்குமா?" என்பார்.

நாலையும் ஒப்பிடலாம். ஆனால் 'எது சுத்தம்' என்று கேட்டு ஒப்பிட்டால் சண்டைதான் வரும். தண்ணீரில் பயப்பட வேண்டியவை இரண்டு ரகம். ஒன்று கிருமி. இன்று குடித்தால் நாளையோ மறுநாளோ வயிற்றைக் கலக்கும். குழந்தைகளுக்கு உயிர் போகிற விஷயம். இன்னொன்று கரைந்திருக்கும் உப்பும் ரசாயனமும்: ஃப்ளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை தரும் கால்சியம், மெக்னீசியம். ஃப்ளோரைடு மாதிரியானவை வருடக்கணக்கில் உள்ளே போய்ப் பல்லையும் எலும்பையும் பிடிக்கும். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு ஆகாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகக் குறைவதால் இன்னும் கொஞ்சம் செறிவாகவே ஆகும்.

இந்த இரண்டையும் குழப்பி வைத்ததில் விற்பனைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் எடுத்து வைப்பார்கள். ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டு வந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை வைத்து ஸ்விட்சைப் போட்டதும் உங்கள் தண்ணீர் துருப்பிடித்த கஷாயம் மாதிரி பழுப்பாகத் திரண்டு வரும். அவர்களுடையது தெளிவாகவே நிற்கும். "பாத்தீங்களாம்மா, இதைத்தான் குழந்தைக்குக் குடுக்கறீங்க" என்பார்கள். நடப்பது என்னவென்றால், உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது. அந்த இரும்புக் கம்பியே கரைந்து பழுப்பாகிறது. அழுக்கு கம்பியிலிருந்து வருகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது. ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே வித்தையைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

டிடிஎஸ் மீட்டரும் கிட்டத்தட்ட இதே ரகம். பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி பொய் சொல்லாது, ஆனால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு. அதில் ஃப்ளோரைடு எத்தனை என்று சொல்லாது. கிருமியைப் பற்றி வாயே திறக்காது. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500) டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. ஃப்ளோரைடுக்கு எல்லை 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. மலத்திலிருந்து வரும் இ.கோலை கிருமியோ 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர்

ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்குப் பனமரத்துப்பட்டி ஏரிதான் தண்ணீர் கொடுத்தது. இப்போது 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் காவிரித் தண்ணீர்தான் ஊருக்கே ஆதாரம். ஆற்றுத் தண்ணீரில் உப்பு பொதுவாக 500-க்குள் அடங்கிவிடும். மாநகராட்சி வடிகட்டிக் குளோரின் போட்டு அனுப்புகிறது. ஆகவே உப்புப் பக்கம் இதற்கு நல்ல மதிப்பெண். பிரச்சினை மேட்டூரில் இல்லை, வழியில் இருக்கிறது.

தண்ணீர் விடாத நாளில் குழாய் காலியாகக் கிடக்கிறது. உள்ளே அழுத்தம் இல்லாதபோது, விரிசலோ தளர்ந்த இணைப்போ இருக்கும் இடத்தில் வெளியே தேங்கி நிற்பது உள்ளே கசியும். சாக்கடையை ஒட்டியே குழாய் போகும் தெருக்களில் அது என்ன தண்ணீர் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வந்த அன்று முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் ஒரு கலங்கல், அதற்கப்புறம்தான் தெளிவு. அந்த முதல் கலங்கலைத் தொட்டியில் விடாமல் வாசலுக்கு விடுவது நம்மூர்ப் பெண்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தது. முழுக்கச் சரியான பழக்கம்.

அடுத்த பலவீனம் நம் வீட்டுக்குள்: நிலத்தடித் தொட்டி, மாடியில் சின்டெக்ஸ். குழாயின் கடைசி முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு வாரம் தொட்டியில் கிடந்தால் அதுவும் போய்விடும். குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்கிறோம்; உண்மையில் வாடையே வராத நாளில்தான் யோசிக்க வேண்டும். தொட்டியைக் கழுவி நிரப்பியதும் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டால் போதும்.

அப்புறம் காய்ச்ச வேண்டியதுதான். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அரைப்பங்காகச் சுண்டக் காய்ச்சுவது கேஸுக்குத்தான் கேடு. நாலு பேர் வீட்டில் நாளுக்கு 10 லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 110 கிராம் கேஸ் செலவாகும், மாதம் 3 கிலோ சொச்சம். 14.2 கிலோ சிலிண்டர் இந்த வேலைக்கு மட்டும் 4 மாதம் வரும். அதற்கும் சோம்பல்பட்டால் யூவி (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது) அல்லது யூஎஃப் (மிக நுண்ணிய துளைகளில் வடிகட்டுவது) வகைக் கருவி போதும். இவை கிருமியை மட்டும் பார்த்துக்கொள்ளும், உப்பைத் தொடாது, தண்ணீரை வீணாக்காது. யூவிக்குக் கரண்ட் வேண்டும், தண்ணீரும் கலங்கலாக இருக்கக் கூடாது. அந்தக் கால எவர்சில்வர் ஃபில்டர் கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியையும் ஓரளவு குறைக்கும். அதையே நம்பிக் காய்ச்சாமல் இருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு உலகக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, பாதுகாப்பான குடிநீர் இல்லாதவர்கள் உலகத்தில் சுமார் 210 கோடிப் பேர். கேட்டதும் எங்கோ ஆப்பிரிக்க வறண்ட கிராமம் மனதில் வரும். ஆனால் அவர்கள் 'பாதுகாப்பான' என்று சொல்ல வைத்திருக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள்: தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும் நேரத்தில் கிடைக்க வேண்டும், மலக்கிருமியும், ஆர்செனிக், ஃப்ளோரைடு போன்ற முக்கிய ரசாயனங்களும் இருக்கக் கூடாது. வாசலில் குழாய் உள்ள சேலத்து வீடு முதல் நிபந்தனையில் தேறிவிடும். இரண்டாவதை, முறை வைத்துத் தண்ணீர் பிடிக்கும் நம் தெருவே சொல்லட்டும்.

கேன்

கேனின் பலம் வசதி. கூப்பிட்டால் தோளில் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போவார்கள். அதே 10 லிட்டர் கணக்கில் மாதம் 15 கேன். கேன் 40 ரூபாய் என்று வைத்தால் 600 ரூபாய். காய்ச்சுவதைவிட நிச்சயம் அதிகம். சரி, அந்தப் பணத்துக்கு நம்பிக்கை கிடைக்கிறதா என்றால், பாதிதான்.

கேன் தண்ணீரும் பெரும்பாலும் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரை ஆர்ஓவில் விட்டு எடுத்ததுதான். ஆலையில் சுத்தமாக வெளியேறினாலும், அடுத்து அது போகும் பாதை நீளம். திரும்பி வந்த கேனைச் சரியாகக் கழுவினார்களா? வண்டியில் வெயிலில் எவ்வளவு நேரம் நின்றது? கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அடியில் பாருங்கள். உள்பக்கம் வழவழவென்று பச்சை படிந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, தயாரித்த தேதி அச்சாகியிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதி 2024 அக்டோபரில் எடுக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டுக் கடைசியில் எஃப்எஸ்எஸ்ஏஐ இந்தத் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும் என்றது. காகிதத்தில் சரிதான்.

இன்னொன்று, கேன் வந்ததும் நாம் செருகும் பம்ப். கேன் மாறும், பம்ப் மட்டும் மாதக்கணக்கில் அதேதான். அதன் குழாயை யாராவது கழுவிப் பார்த்திருக்கிறோமா?

ஆர்ஓவும் போர் தண்ணீரும்

மேட்டூர்த் தண்ணீர் வரும் வீட்டில் ஆர்ஓ மாட்டுவது என் கணக்கில் தண்டம். ஒரு லிட்டர் எடுக்க 2, 3 லிட்டரைக் கழிவாகத் தள்ளும் கருவி அது. வாரம் ஒருமுறை குடம் குடமாகப் பிடித்து வைத்த காவிரித் தண்ணீரை அப்படிச் சாக்கடைக்கு விடுவதில் என்ன நியாயம்? 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் டிடிஎஸ் 500-க்குள் உள்ள இடங்களில் ஆர்ஓவுக்குத் தடை விதிக்கச் சொன்னது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

போர் மட்டுமே உள்ள வீட்டில் கதை வேறு. சேலம் கடும்பாறை நிலம். மாமாங்கம் பக்கம் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவை வெட்டும் வெள்ளைக் குன்றுகளைப் பார்த்தாலே கீழே என்ன பாறை என்று புரியும். தண்ணீரில் மெக்னீசியம் ஏறும். சோப்பு நுரைக்காது, ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பொரை கட்டும். இந்தக் கடினத்தன்மை தொல்லைதான், விஷம் இல்லை. கவலைப்பட வேண்டியவை ஃப்ளோரைடும் நைட்ரேட்டும். நமக்கு வடக்கே தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் பற்கள் காவியேறி, எலும்பு பாதிக்கப்பட்டு, அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் திறக்கப்பட்டது. சாயக்கழிவும் சாக்கடையும் கலந்து ஓடும் திருமணிமுத்தாற்றங்கரையிலோ, ஜவ்வரிசி ஆலைக்குப் பக்கத்திலோ போர் போட்டிருந்தால் இன்னும் ஜாக்கிரதை. இப்படிப்பட்ட வீட்டில் ஆர்ஓ செலவு நியாயமானது, இன்னும் சொன்னால் அவசியம். கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். உப்பு ஏறியிருப்பதால் செடிக்கு வேண்டாம். ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாத ஆர்ஓ, கிருமிக்கு நாமே வாடகை இல்லாமல் கொடுத்த இடம்.

கிருமிக்குப் பயந்து ரசாயனத்தில் விழுந்த பெரிய உதாரணம் வங்கதேசம். குளத்துத் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நாட்டில், 1970-களில் யுனிசெஃப் உதவியோடு லட்சக்கணக்கில் அடிபம்புகள் இறக்கினார்கள். கிருமி குறைந்தது. தண்ணீரில் ஆர்செனிக் இருப்பதை யாரும் சோதிக்கவில்லை. 1993-ல்தான் வெளியே தெரிந்தது, அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் குடித்துவிட்டார்கள். கடைசியில் பம்புகளைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் பரவாயில்லாததற்குப் பச்சையும் பெயிண்ட் அடித்தார்கள். நம்மூரில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் பதாகையோடு நடக்க வைக்கிறார்கள். ஒரு தெருவின் தண்ணீரைச் சோதித்து முடிவைச் சுவரில் எழுதிவைத்தால் அதைவிட நாலு பேர் நின்று படிப்பார்கள்.

ஏற்காட்டுச் சுனை

மலையேறுகிறவர்கள் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வருவது இது. டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தால் நாலு தண்ணீரில் இதற்குத்தான் முதல் பரிசு கிடைக்கும். மழைநீர் கொஞ்சதூரமே மண்ணில் இறங்கி வெளியே வருவதால் உப்பு குறைவு. அங்கேதான் ஏமாற்றம். மேலே மாடு மேய்கிறது, குரங்குக் கூட்டம், காட்டேஜுகளின் செப்டிக் டேங்க். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் தோல் உரித்துக் கழுவிய தண்ணீரும் ஓடையில் கலக்க வாய்ப்புண்டு. மீட்டருக்கு இதில் கிருமியெல்லாம் தெரியாது. மூலிகை வேரில் பட்டு வருகிற தண்ணீர் என்பார்கள். அதே வேர் வழியாகத்தான் மற்றதும் வருகிறது.

சுனையைக் காய்ச்சினால் நல்ல தண்ணீர். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம் என்பதால் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகுமே தவிர, கிருமி சாக அந்தச் சூடு தாராளம்.

ஆக என் வரிசை: மேட்டூர்க் குழாய் உள்ள வீட்டுக்குக் காய்ச்சியது அல்லது யூவி, போர் வீட்டுக்குச் சோதித்த பிறகு ஆர்ஓ, கேன், விருந்தாளி வருகிற நாளுக்கும் குழாய் வராத வாரத்துக்கும், சுனை, காய்ச்சத் தயாராக இருப்பவருக்கு.

சோதிக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. உப்பு, ஃப்ளோரைடு பார்க்கச் சுத்தமான பாட்டிலில் அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடித்தால் போதும். கிருமிக்குக் கொடுப்பது என்றால் அவர்களிடமே கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கிக்கொள்ளுங்கள். அதை அலசக் கூடாது. குழாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, வாய்ப்பகுதியில் விரல் படாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.