பாஸ்வேர்டு தப்பில்லை: தண்டர்பேர்டுடன் 15 ஆண்டுகள்

2025 தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, இரவு ஒன்பதரை மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார். விருதுநகரில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்பவர். அவர் கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல புதுசா விண்டோஸ் 11 போட்டுக் குடுத்தாங்க. அதுலேருந்து மெயிலுக்குள்ள போக முடியல. பாஸ்வேர்டு தப்பு, தப்புன்னே சொல்லுது. மூணு தடவை மாத்திட்டேன்."

உள்ளே போக முடியவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. மூன்று தடவை மாற்றிவிட்டார் என்பதுதான் கவலையாக இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. அந்த வாரத்தில் இதே புகாரோடு எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. மூன்று பேருமே முதல் வேலையாகக் கடவுச்சொல்லைத்தான் மாற்றியிருந்தார்கள்.

தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளை நான் 2010 கடைசியிலிருந்து பயன்படுத்துகிறேன். அண்ணாச்சி கடையிலும் அதுதான். வாடிக்கையாளர்களின் பில், வங்கி அறிக்கை, வரித்துறை நோட்டீஸ் எல்லாம் மெயிலில்தான் வரும். இணையம் இல்லாத நேரத்திலும் நாலு வருடத்துக்கு முந்தைய பில்லைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் மெயில்களைக் கணினியிலேயே சேர்த்து வைக்கும் மென்பொருள் தேவைப்பட்டது. இலவசம், விளம்பரம் இல்லை, பல முகவரிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். இன்றுவரை மாற்றத் தோன்றவில்லை. இந்த 15 ஆண்டுகளில் விண்டோஸ் 7-லிருந்து 10, அதிலிருந்து 11 என்று மாறினேன். நடுவில் எத்தனையோ பெரிய அப்டேட்டுகள். "உள்நுழைய முடியவில்லை" என்று திரை சொன்ன தடவைகளில், கடவுச்சொல் உண்மையிலேயே தப்பாக இருந்தது ஒரே ஒரு முறைதான்.

அதனால் இப்போதெல்லாம் முதலில் ஒன்று செய்வேன். அதே முகவரியை வேறொரு கருவியில், உதாரணமாகக் கைபேசியின் பிரவுசரில், அதே கடவுச்சொல் போட்டுத் திறந்து பார்ப்பேன். அங்கே திறந்தால் கடவுச்சொல் சரி. அதற்கப்புறம் அதைத் தொடவே கூடாது. கோளாறு இந்தக் கணினிக்கும், மெயிலை நமக்கு அனுப்பி வைக்கும் நிறுவனத்தின் கணினியான மெயில் சர்வருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

2020 ஜனவரி 14-ஆம் தேதி விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்தபோது புதிய கணினி வாங்கினேன். பழைய மெயில்களைக் கொண்டுவர, ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரைத் தேடிப் பிடித்தேன். அதற்குள் லோக்கல், ரோமிங் என்று இரண்டு பிரிவு இருக்கும். இரண்டிலும் தண்டர்பேர்டு என்ற பெயரில் ஃபோல்டர் உண்டு. லோக்கலில் இருப்பது தற்காலிகக் கோப்புகள். மெயிலும் செட்டிங்ஸும் ரோமிங்கில்தான் இருக்கின்றன. அதைச் சரியாகவே எடுத்தேன். ஆனால் முழு ஃபோல்டரையும் எடுக்காமல், தேவை என்று எனக்குத் தோன்றிய கோப்புகளை மட்டும் பொறுக்கினேன். சேமித்த கடவுச்சொற்கள் லாகின்ஸ்.ஜேசன் என்ற கோப்பில் பூட்டிய நிலையில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி கீ4.டிபி என்ற இன்னொரு கோப்பில். பெட்டியைக் கொண்டுவந்து சாவியை விட்டுவிட்டேன். ஏழு முகவரிகளுக்கும் கடவுச்சொல் கேட்டு வரிசையாகச் சன்னல்கள் திறந்தன. பழைய கணினி கையில் இருந்ததால் முழு ஃபோல்டரையும் மறுபடி எடுத்துவந்து போட்டதும் சரியாகிவிட்டது.

அதே ஆண்டு தண்டர்பேர்டு 78-ஆம் பதிப்பு வந்தபோது, என் அலுவலக முகவரி மட்டும் நின்றுபோனது. மற்ற ஆறும் ஓடின. அந்த முகவரியைக் கொடுத்த சிறு நிறுவனத்தின் சர்வர், டிஎல்எஸ் 1.0 என்ற 1999-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு முறையிலேயே இருந்தது. 78-ஆம் பதிப்பு 1.0, 1.1 இரண்டையும் இயல்பாகவே முடக்கி வைத்திருந்தது. உள்ளே போய் ஒரு செட்டிங்கை மாற்றிப் பழைய முறையை அனுமதிக்கலாம். ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். மற்றவர்களின் வரிக் கணக்கு வரும் முகவரியை அப்படித் திறந்து வைத்திருக்க மனசு கேட்கவில்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். போர்ட் என்பது சர்வருக்குள் நுழையும் வாசல் எண். பழைய 110 போர்ட்டை விட்டு, மெயிலைப் பெறும் ஐமேப் முறைக்கு 993, அனுப்புவதற்கு 465 என்று எல்லாமே பாதுகாப்பான இணைப்புக்கு வந்தது அப்போதுதான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது 2022 ஜூன். விண்டோஸ் அப்டேட் ஒன்று முடிந்து கணினி திறந்த அன்று காலை, ஜிமெயில் முகவரிகள் எதுவும் உள்ளே போகவில்லை. அப்டேட்தான் காரணம் என்று நான் உறுதியாகவே நம்பினேன். அதை நீக்கிப் பார்த்தேன், மெயில் வரவில்லை. மறுபடி போட்டேன்; வரவில்லை. இப்படியே இரண்டு நாள் போனது. உண்மையில் மாறியிருந்தது வேறு. வெறும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து மற்ற மென்பொருள்கள் உள்ளே வருவதை, 2022 மே 30 முதல் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்தியிருந்தது. தண்டர்பேர்டின் 91.8 பதிப்பு ஏப்ரலிலேயே ஜிமெயில் கணக்குகளைப் புதிய முறைக்குத் தானாக மாற்றியிருக்கிறது. நான் தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்திருந்ததால் அது என்னிடம் வரவே இல்லை. கணினியைப் புதுப்பித்த நாளும் மெயில் நின்ற நாளும் ஒன்றாக இருந்தது தற்செயல்தான்.

அந்தப் புதிய முறைக்கு ஓஆத் 2 என்று பெயர். அண்ணாச்சிக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். முன்னாடி கிட்டங்கிச் சாவியையே லாரி டிரைவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது சாவி நம்மிடமே இருக்கும். இந்த லாரிக்கு இத்தனை மூட்டை ஏற்றலாம் என்று சீட்டு மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். தண்டர்பேர்டு உங்கள் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளாது. கூகுளின் உள்நுழைவுப் பக்கம் ஒரு சன்னலில் திறக்கும். அங்கே நீங்கள் உள்ளே போய்ச் சம்மதம் சொன்னால், தண்டர்பேர்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கும். வேண்டாம் என்றால் அந்தச் சீட்டை மட்டும் ரத்து செய்யலாம். அவுட்லுக்.காம் முகவரிகளுக்கும் 2024 செப்டம்பர் 16 முதல் இதே கதைதான்.

மாற்றுவது எளிது. கணக்கின் சர்வர் செட்டிங்ஸில் 'அத்தென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் ஓஆத் 2-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் இரண்டு இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். முதலாவது, தண்டர்பேர்டுக்குள் குக்கீகளை, அதாவது இணையதளங்கள் நம் கணினியில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்புகளை, நான் முடக்கி வைத்திருந்தேன். குக்கீ இல்லாமல் அந்த உள்நுழைவுச் சன்னல் வேலை செய்யாது. இரண்டாவது, உள்ளே வரும் மெயிலுக்கு மட்டும் மாற்றிவிட்டு, வெளியே போகும் எஸ்எம்டிபி சர்வரை அப்படியே விட்டுவிட்டேன். அதன் செட்டிங் தனி இடத்தில், கணக்குகளின் பட்டியலுக்கெல்லாம் கீழே இருக்கிறது. மெயில் வருகிறது, அனுப்பினால் மட்டும் கடவுச்சொல் தப்பு என்கிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த இடத்தைத்தான். காரணம் பிடிபடாதபோது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தண்டர்பேர்டின் பிழைப் பட்டியல் திறக்கும். திரையில் வரும் ஒற்றை வரியைவிட அதில் விவரம் அதிகம்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் இரண்டாவது கணினி ஒருமுறை அப்டேட்டுக்காக அணைந்து திறந்ததும், எல்லா முகவரிக்கும் சான்றிதழ் செல்லாது என்றது. பிரவுசரும் அதையே சொன்னது. திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருடங்கள் பின்னால் இருந்தது. தன் அடையாளத்தை நிரூபிக்க ஒவ்வொரு சர்வரும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே போனால் இணைப்பே கிடைக்காது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இரவில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் அந்த பேட்டரிதான் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும். விலை சில பத்து ரூபாய்தான். தேதியைச் சரிசெய்த அடுத்த நொடி மெயில் வந்தது.

சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் மெயில் இணைப்பின் நடுவில் புகுந்து தங்கள் சொந்தச் சான்றிதழைக் காட்டும். தண்டர்பேர்டு தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தனியாக வைத்திருப்பதால் அதை நம்ப மறுக்கலாம். அந்த மெயில் ஸ்கேன் வசதியைக் கொஞ்ச நேரம் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, அண்ணாச்சிக்கு வருகிறேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை முதலிலிருந்து நிறுவியிருந்தார்கள். அதனால் எல்லாவற்றிலும் புதிதாக உள்ளே போக வேண்டியிருந்தது. நான் முதலில் கேட்டது பழைய டிஸ்க் எங்கே என்றுதான். சர்வீஸ் செய்தவரிடமே இருந்தது. "அதை அழிக்காம அப்படியே கொண்டு வரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். 2012-லிருந்து வந்த மெயில்கள் அதில் இருந்தன.

கைபேசியில் அவர் மெயில் திறந்தது. ஆக, கடவுச்சொல் சரி. கணினியில் கேட்டபோது முதலில் நாலு இலக்க எண்ணைப் போட்டார். அது விண்டோஸ் நிறுவும்போது வைத்த பின் எண். அந்தக் கணினியைத் திறக்க மட்டுமே பயன்படும். மெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதை விளக்கிவிட்டு, மெயில் கடவுச்சொல்லைப் போடச் சொன்னேன். தப்பு என்றது. எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி போட்டார். தப்பு.

நோட்பேடைத் திறந்து, "இதுல அடிங்க அண்ணாச்சி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றேன்.

ஒரு நிமிடம் கழித்து, "தம்பி, இதுல தமிழ்ல வருதே" என்றார்.

பில்லில் தமிழில் அடிப்பதற்காக அவர் மகன் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, அதையே முதலாவதாகவும் வைத்திருந்தார். ஆங்கில எச் விசையைத் தட்டினால் க, ஜே விசையைத் தட்டினால் ப. கடவுச்சொல் கட்டத்தில் எல்லாமே கறுப்புப் புள்ளிகள்தானே, யாருக்குத் தெரியும்? தமிழில் தட்டச்சு செய்யும் எல்லோருக்கும் இது நடக்கலாம். கட்டத்துக்குப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் காட்டும் வசதி இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். நோட்பேடில் அடித்துப் பார்த்தால், மூடுவதற்கு முன் அழித்துவிடுங்கள். விண்டோஸ் 11 நோட்பேடு, எழுதியதை அடுத்த முறை திறக்கும்போதும் அப்படியே காட்டும்.

ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றியதும் முதல் முயற்சியிலேயே உள்ளே போனோம். இவ்வளவுதான் மூலக் கோளாறு. ஆனால் மூன்று தடவை கடவுச்சொல்லை மாற்றியதன் விளைவு அதற்கப்புறம்தான் தெரிந்தது. கூகுள் கணக்கில் கடவுச்சொல்லை மாற்றினால், முன்பு உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். ஓஆத் 2 தெரியாத பழைய மென்பொருள்களுக்காகக் கொடுக்கும் 16 எழுத்துச் சொல் அது. கடையின் பில்லிங் மென்பொருள் அதை வைத்துத்தான் வாடிக்கையாளருக்குப் பில் அனுப்பியது. ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் பிரிண்டரும் அப்படியே. இரண்டும் முந்தைய நாளே நின்றுபோயிருந்தன. தீபாவளி நெருக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக் கணினியில் இருந்த தண்டர்பேர்டும் மறுபடி அனுமதி கேட்டது. புது ஆப் பாஸ்வேர்டுகள் உருவாக்கி ஒவ்வொன்றிலும் போட்டேன். பிரிண்டரின் சின்னத் திரையில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி 16 எழுத்தைப் போடவே அரை மணி நேரம் ஆனது.

பழைய டிஸ்க் மதியம் வந்தது. தண்டர்பேர்டிலேயே ஏற்றுமதி வசதி உண்டு. ஆனால் 2 ஜிபி வரைதான். அண்ணாச்சியின் மெயில்கள் அதைத் தாண்டியிருந்ததால், ரோமிங்கில் இருந்த முழு ஃபோல்டரையும் கையால் நகலெடுத்தேன். இந்த முறை எதையும் பொறுக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் அவர் கூகுள் கணக்கின் மீட்பு எண்ணைப் பார்த்தேன். அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம் எண் அதில் இருந்தது. மாற்றினோம். அப்புறம் பேக்கப் கோடுகளை அச்சிட்டேன். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். கைபேசி தொலைந்தாலும் உள்ளே போக அவை உதவும். அண்ணாச்சி அந்தத் தாளை நாலாக மடித்து, இரும்புப் பெட்டியில் கடைப் பத்திரத்தோடு வைத்தார்.

நகல் முடிந்து தண்டர்பேர்டைத் திறந்தபோது 2012 மெயில்கள் வரை வரிசையாக நின்றன. மேலே, படிக்காத முதல் மெயில் கலபுரகியிலிருந்து வந்த துவரம்பருப்பு விலைப்பட்டியல். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தார்.