கையால் தைத்த பந்தும் அஸ்வினின் விரல்களும்

இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் ஆட்டங்களில் பயன்படும் எஸ்ஜி (SG) நிறுவனப் பந்தின் அமைப்பிலேயே, நான்கு தோல் துண்டுகளை இணைத்து, ஆறு வரிசைத் தையலையும் கையாலேயே போட்டு, மீரட்டின் சிறிய பட்டறை ஒன்றில் செய்த மூன்று சிவப்புப் பந்துகளை இந்தப் பருவத்துக்காக வாங்கினேன். மூன்றும் விதி அனுமதிக்கும் 155.9 முதல் 163 கிராம் எடைக்குள் இருந்தன. இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வினைப் பார்த்தே, விரலால் சுழற்றும் ஆஃப் ஸ்பின் வீசப் பழகியவன் என்பதால், பெட்டியைத் திறந்ததும் பளபளப்பைவிடத் தையலைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் மேல் மூட்டு பதிகிற இடத்தில் நூல் நன்றாகப் புடைத்து நின்றது.

அந்தப் புடைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அஸ்வினின் கணக்கே சான்று. 2011 நவம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அறிமுகமாகி ஒன்பது விக்கெட் எடுத்தவர், 2024 டிசம்பரில் ஓய்வு பெறும்வரை 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் வீழ்த்தினார்; அவற்றில் 383 எஸ்ஜி பந்து பயன்படும் சொந்த மண்ணில் கிடைத்தவை. ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா பந்தில் நடு இரண்டு வரிசைகள் மட்டுமே கைத்தையல், மற்றவை இயந்திரத் தையல் என்பதால் தையல் மேடு சீக்கிரம் தட்டையாகிவிடும். இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்து முழுக்கக் கைத்தையல். அந்தப் பந்தால் 2018-இல் எட்ஜ்பாஸ்டனில் இரண்டு இன்னிங்ஸிலும் இங்கிலாந்தின் அலஸ்டர் குக்கை அஸ்வின் போல்டாக்கிய பந்துகளை இப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்: இடக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே மிதந்து வந்து, குத்தியதும் வெளியே திரும்பி, மட்டையைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைத் தட்டின. விரலுக்குத் தையல் அகப்படாவிட்டால் அந்த மிதப்பும் இல்லை, திருப்பமும் இல்லை.

அதே ஆண்டு எஸ்ஜி பந்தைப் பற்றி அஸ்வின் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்; முன்பெல்லாம் 70, 80 ஓவர் வரை நிமிர்ந்து நின்ற தையல் இப்போது அப்படி நிற்பதில்லை என்பது அவருடைய குறை. அதை மனத்தில் வைத்தே என் பந்துகளையும் கவனித்தேன். முதல் பந்து புல்தரையில் 50 ஓவர் தாங்கியது. 40 ஓவருக்குப் பிறகும் விரல் வழுக்கவில்லை. இரண்டாவது பந்தில் முப்பதாவது ஓவரிலேயே ஓரிடத்தில் நூல் பிரிந்து, தோல் லேசாகத் தூக்கிக்கொண்டது. கையால் செய்யும் பொருளில் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும் என்றாலும், இந்த விலைக்கு அதை நான் ஏற்க மாட்டேன். மூன்றாவதை ஓர் ஆட்டத்துக்காக வைத்திருக்கிறேன்.

சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் வீசும் சொடக்குப் பந்தைக் கற்றுத்தான், கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே சொடுக்கி விடும் கேரம் பந்தை அஸ்வின் தோல் பந்தில் வசப்படுத்தினார். அதையும் முயன்றேன். புதுப் பந்தில் மெருகு வழுக்கியது. 15 ஓவர் கடந்து மெருகு கொஞ்சம் போன பிறகே பிடி கிடைத்தது. நூறு முறை சொடுக்கியதில் நடுவிரல் நகத்தோரம் சிவந்துவிட்டது. இவ்வளவு கடினமான ஒன்றை டெஸ்ட் ஆட்டத்தின் நெருக்கடியில் அவர் நினைத்த இடத்தில் போட்டிருக்கிறார் என்பதை, பந்தைக் கையில் பிடித்த பிறகுதான் முழுதாக உணர்ந்தேன்.

புல்தரையிலோ மண் ஆடுகளத்திலோ வீசும் சுழற்பந்து வீச்சாளர்கள் இந்தப் பந்தைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே ஒவ்வொரு பந்தின் தையலையும் சுற்றிலும் நகத்தால் நெருடிப் பாருங்கள். சிமெண்ட் தளத்தில் வலைப்பயிற்சி செய்பவர்களுக்கு இரண்டு துண்டுப் பயிற்சிப் பந்தே போதும், ஏனென்றால் அந்தத் தளத்தில் எவ்வளவு நல்ல தையலும் ஒரே மாலையில் தேய்ந்துவிடும்.