பிரெப் மாத்திரை: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எச்.ஐ.வி. தொற்றை முன்கூட்டியே தடுப்பதற்கான மாத்திரைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் பிரெப். சென்னையில் வசிக்கும் நான் இதைப் பதினான்கு மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். எனக்கு வயது இருபத்தாறு. மணமாகவில்லை, நிலையான துணையும் இல்லை, அவ்வப்போது அமையும் உறவுகள் உண்டு. அதற்கு மேல் என் கதை இந்த மதிப்புரைக்குத் தேவையில்லை. மாத்திரையைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. அது கைக்கு வந்து சேரும் வழியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மில்லிகிராமும் எம்ட்ரிசிடபின் 200 மில்லிகிராமும் இருக்கின்றன. அமெரிக்கா இந்தக் கூட்டு மருந்தைத் தடுப்புக்காகப் பயன்படுத்த 2012-இல் ஒப்புதல் அளித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தொற்று அபாயம் மிகுந்த அனைவருக்கும் பரிந்துரைத்தது. நம் நாட்டு நிறுவனங்களே தயாரிப்பதால், முப்பது மாத்திரை கொண்ட புட்டி எனக்கு 2,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. உடலுக்குள் நுழைந்த வைரஸ், வெள்ளணுவுக்குள் தன்னை நகலெடுத்துக்கொள்ள ஒரு நொதியை நம்பியிருக்கிறது. அந்த நொதியின் வேலையைத்தான் இம்மருந்து முடக்குகிறது. ஆகவே வைரஸ் வருவதற்கு முன்பே மருந்து இரத்தத்தில் இருந்தாக வேண்டும். சொன்னபடி தினமும் சாப்பிட்டால் உடலுறவு வழியாகத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 99 சதவீதம் குறைகிறது. விட்டு விட்டுச் சாப்பிடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரை சற்றுப் பெரியது. முதல் இரண்டு வாரம் காலையில் குமட்டியது. இரவு உணவுக்குப் பின் என்று நேரத்தை மாற்றியதும் நின்றுவிட்டது.

தொடங்கிய அன்றே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. தினமும் ஒன்றாகச் சாப்பிட்டு வந்தால், ஆசனவாய் வழி உறவில் ஏற்கும் நிலையில் இருப்பவருக்கு ஏறக்குறைய 7 நாளும், பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்களுக்கு 21 நாளும் ஆகும் என்பது என் மருத்துவர் சொன்ன கணக்கு. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்குத் தேவைக்கேற்பச் சாப்பிடும் முறை ஒன்றும் உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை, அந்த இரண்டைச் சாப்பிட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. பெண்களுக்கு இம்முறை பரிந்துரைக்கப்படுவதில்லை. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தொற்று உள்ளவர்கள் இதைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும், ஏனெனில் மருந்து திடீரென நின்றால் அந்த நோய் சீறி எழக்கூடும்.

இனி கிடைக்கும் வழிக்கு வருகிறேன். நான் முதலில் அணுகிய தனியார் மருத்துவர், சிறுநீரகச் செயல்பாட்டை அறியும் கிரியேட்டினின் பரிசோதனையைப் பற்றிப் பேசுவதற்கு முன், "கல்யாணம் பண்ணிக்கோங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்றார். மருந்துக்கடையில் இன்னும் மோசம். சீட்டைப் படித்தவர், கூட்டத்தின் நடுவே, "இது எய்ட்ஸ் மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று உரக்கக் கேட்டார். அவர் குழம்பியதில் ஓரளவு நியாயம் உண்டு. டெனோஃபோவிர் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான கூட்டு மருந்துகளிலும் இருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கு இந்த இரண்டு மருந்து போதாது. தனக்குத் தொற்று இருப்பதை அறியாமல் இவற்றை மட்டும் சாப்பிடுபவரின் உடலில் வைரஸ் மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடும். பரிசோதனை செய்யாமல் நண்பரின் புட்டியிலிருந்து கடன் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது இதனால்தான். மாத்திரைக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். அந்தக் கடைக்கு ஒன்று கொடுப்பதே தாராளம்.

எதிர்பாராத நிறைவு, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்பதால் இதுவரை ஐந்து முறை போயிருக்கிறேன். கட்டணம் இல்லை. பரிசோதனைக்கு முன் ஒப்புதல் கேட்பதும், முடிவை இரகசியமாக வைப்பதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். நான் பார்த்த ஆலோசகர் இரண்டையும் சலிப்பில்லாமல் செய்தார். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரங்கள் ஊரெல்லாம் சுவரில் கேட்ட காலத்தை நினைவுகூர்ந்து, "அந்தக் கேள்விக்குப் பயந்தவங்க யாரும் இங்க வரல தம்பி, ஒதுங்கித்தான் போனாங்க" என்றார். காத்திருக்கும் பெஞ்சு மட்டும் புறநோயாளிகள் வரிசைக்கு எதிரே, எல்லோர் பார்வையிலும் படும்படி போடப்பட்டிருக்கிறது. அதை நகர்த்த ஒரு நாள் போதும்.

பிரெப் சாப்பிடுகிறோம் என்று ஆணுறையைக் கைவிட்டவர்களை நான் அறிவேன். சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியா எதையும் இந்த மாத்திரை தடுக்காது, கருத்தரிப்பையும் தடுக்காது. மையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆணுறை மணமும் நிறமும் இல்லாத எளிய சரக்கு, வேலையைச் செய்கிறது. நம் வீடுகளில் எதற்கும் கைக்கு வரும் தேங்காய் எண்ணெயை மட்டும் அதோடு சேர்க்கக் கூடாது. எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் வலுவிழந்து கிழியும். நீர் சார்ந்த வழுவழுப்புத் திரவத்தை மருந்துக்கடையில் கேட்டு வாங்கலாம், மேற்சொன்ன கடையில் அல்ல.

பிரெப் சாப்பிடாதவருக்கு ஆணுறை கிழிந்துவிட்டால் வழி வேறு. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கப் பின்தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கட்கிழமை வரை காத்திராமல் பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.