‘ஒரிஜினல் மரைன் பிளை’ ரேஸ் படகு கிட்: காசு போட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் ரிமோட் படகு ஆசையோடு திரிகிற பெடியளுக்கும், அவங்களுக்குக் காசு குடுக்கிற தகப்பன், மாமன்மாருக்கும் இது. என்னிடம் 38,500 ரூபா வாங்கிப் பேய்க்காட்டினவனின் பெயரை நான் போடவில்லை. போட்டும் பிரயோசனமில்லை, நான் காசு போட்ட அந்தப் பக்கம் இப்போது அந்தப் பெயரில் இல்லை. ஆனால் ஆள் இருக்கிறான். வித்துக்கொண்டும் இருக்கிறான்.

நான் பரந்தனில் தண்ணிப் பம்ப் மோட்டருக்குக் கம்பி சுத்துகிறவன். மோட்டர் தெரிந்தவனையே ஒருத்தன் மோட்டர்ப் படகு காட்டிச் சுத்திப்போட்டான் என்று எழுத வெட்கம்தான்.

தொடங்கியது மச்சானால். வான்கூவரில் இருக்கிறவர், மடு ஆவணித் திருவிழாவுக்கு வந்தபோது போனில் வீடியோ காட்டினார். அங்கே பக்கத்து அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஏரியில் ஒவ்வொரு ஆவணியும் ஹைட்ரோபிளேன் ஓட்டமாம். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாது. முன்னால் ரெண்டு பக்கமும் ஸ்பொன்சன் என்று கால் மாதிரி ரெண்டு, பின்னால் பாதி வெளியே தெரிய ஒரு புரொப்பெலர். இந்த மூன்று இடம்தான் தண்ணீரில் முட்டும். மிச்ச உடம்பு முழுக்க அடியில் புகுந்த காற்றின் மேல் மிதக்கும். 1950 இல் ஸ்லோ-மோ-ஷுன் IV என்ற படகு அந்த ஏரியில் மணிக்கு 160 மைலைத் தாண்டிச் சாதனை வைத்த பிறகு, அங்கத்தைச் சின்னப் பிள்ளைகள் பலகையில் படகு செய்து சைக்கிளுக்குப் பின்னால் கட்டி ரோட்டில் இழுத்துக்கொண்டு திரிந்தார்களாம். அதைக் கேட்டதும் அக்காவின் மகன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையின் விலைதான் 38,500.

மோட்டர், கன்ட்ரோலர், பற்றரி மூன்றும் மச்சான் தந்துவிட்டுப் போனார். மோட்டர் 2000 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று, பற்றரி 11.1 வோல்ட். பெருக்கிப் பாருங்கோ, சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 22,200 சுற்று. பம்ப் மோட்டர் 2,900 சுற்றில் ஓடுவதைப் பார்த்துப் பழகின எனக்கு அதைக் கையில் பிடிக்கவே கூச்சமாக இருந்தது. உடம்புக்கு, வெட்டின பலகைத் துண்டுகளாக வந்து நாங்களே ஒட்டிக் கட்டுகிற மரக் கிட் ஒன்று வேண்டும். மருமகன்தான் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தான்.

‘வெளிநாட்டு ஒரிஜினல். 76 சென்ரிமீற்றர். 3 மி.மீ மரைன் பிளை. லேசர் வெட்டு. பிளெக்ஸ் கேபிள், ஸ்ரட், தகடு எல்லாம் சேர்த்து.’ மரைன் பிளை என்றால் தண்ணியில் பிரியாத ஒட்டுப்பலகை. ஒரு படம் போட்டிருந்தான். சிவப்புப் படகு, மேலே பெரிய 8, ஒரு பக்கத்து ஸ்பொன்சனில் திரும்பும்போது தண்ணீரைப் பிடிக்கிற தகடு மினுங்குது. வட்ஸ்அப்பில் கேட்டேன்.

“பாதிக் காசு இப்ப, பாதி சாமான் வந்தாப் பிறகு தரட்டோ?”

“அண்ணா, கிளிநொச்சிக்கெல்லாம் நாங்கள் அப்படிக் குடுக்கிறேல்லை. கொழும்பு எண்டா நேர வந்து பாக்கலாம். உங்களுக்காக முழுக்காசுக்கு ஒரு ஆயிரம் குறைக்கிறன்.”

அந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேணும். தூர இருக்கிறவன் திரும்பி வரமாட்டான் என்று கணக்குப் போட்டுத்தான் அவன் கதைக்கிறான். கொழும்புக்கு 330 கிலோமீற்றர் போய் ஒரு பலகைப் பெட்டிக்குச் சண்டை பிடிக்க எவனுக்கு நேரம்? நானோ ஆயிரம் ரூபா குறைந்த சந்தோசத்தில் அன்றைக்கே வங்கியில் போட்டுவிட்டேன். ரசீது கேட்டதுக்கு “பெட்டிக்குள்ள வரும்” என்றான். வரவில்லை.

ரெண்டு கிழமை என்றது ஏழு கிழமை ஆனது. பெட்டி வந்த பின்னேரமே மருமகன் விறாந்தையில் பாய் விரித்துத் துண்டுகளை அடுக்கினான். வெட்டின ஓரம் எல்லாம் கறுப்பு. லேசரில் வெட்டினால் ஓரம் கருகி இருக்கும் என்று எங்கேயோ பார்த்திருந்தோம், திருப்தி. பிறகு நெடுக்குச் சட்டத்தைக் குறுக்குச் சட்டத்தின் வெட்டுக்குள் இறக்கப் பார்த்தால் இறங்குது இல்லை. ஒன்றுமே இறங்குது இல்லை. வேர்னியரை எடுத்துப் பார்த்தேன். வெட்டு 2.9, பலகை 3.6.

அவனுக்குச் செய்தி போட்டேன். “அண்ணா, டைற்றா இருந்தாத்தான் பலம். கொஞ்சம் அராவி விடுங்கோ” என்று பதில். நாங்களும் மூன்று இரவு இருந்து அராவினோம். அராவி, எபொக்சி போட்டு ஒட்டியும் விட்டோம். என்னுடைய பெரிய பிழை இதுதான். ஒட்டாமல் இருந்திருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பக் கேட்டிருக்கலாம். பசை தொட்ட நிமிடத்தோடு ‘நீங்கள்தான் பிழையா ஒட்டினியள்’ என்று சொல்ல அவனுக்கு வாய் வந்துவிட்டது. சொன்னான் என்பது பிறகு.

அடுத்தது கேபிள். மோட்டருக்கும் புரொப்பெலருக்கும் நடுவே குழாய்க்குள் ஓடுகிற முறுக்குக் கம்பி. முதல் தரம் கரண்ட் குடுத்ததும் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், மோட்டர் சூடு, புரொப்பெலர் அசையவில்லை. வெளியே இழுத்தால் கேபிள் நடுவில் முடி அவிழ்ந்த பின்னல் மாதிரிப் பிரிந்து தடித்துக் குழாயில் இறுகி இருக்கு. இது எனக்கு உடனே விளங்கிவிட்டது, கம்பி முறுக்குகிறவன் அல்லவா. கேபிளின் இழை எந்தப் பக்கம் முறுக்கி இருக்கிறதோ, அதற்கும் புரொப்பெலர் சுற்றுகிற பக்கத்துக்கும் கணக்கு இருக்கு. சுமை வரும்போது முறுக்கு இறுக வேண்டும், அவிழக் கூடாது. இவன் அனுப்பினது மறுபக்கப் புரொப்பெலருக்கான கேபிள். வாங்குகிறவர்கள் புரொப்பெலர் நுனியை ஒருவர் பிடிக்க மோட்டர் நுனியை ஓடுகிற பக்கத்துக்குக் கையால் முறுக்கிப் பாருங்கோ, பத்து விநாடி வேலை. சரியான கேபிளும் இறுகும்போது கொஞ்சம் கட்டைப்படும். அதனால் பின்பக்கம் மூன்று நாலு மில்லிமீற்றர் இடைவெளி விட்டுத்தான் பூட்ட வேணும்.

புதுக் கேபிளை மச்சான் ஆரோ வந்த ஆளிடம் குடுத்துவிட்டார். அது வேறு ரெண்டு மாதம்.

முதல் ஓட்டம் புதுமுறிப்புக் குளத்தில். சோளகம் எழும்ப முதல், காலை ஆறரைக்கு. குளம் எண்ணெய் விட்ட மாதிரிக் கிடந்தது. படகு போச்சு. பொய் சொல்லக் கூடாது, முதல் நாற்பது விநாடி நான் என்னுடைய 38,500 ஐ மறந்துபோனேன். பிறகு வலப்பக்கம் தூக்கி இடப்பக்கம் குத்தத் தொடங்கினது. திருப்பினால் கவிழப் பார்க்குது. கரைக்கு எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடிப்பலகை நடுவில் பூரி மாதிரி ஊதி நிற்குது. பெருவிரலால் அமத்தினேன். உள்ளே சளக் என்று ஒரு சத்தம், ஓரத்தால் மண்ணிறத் தண்ணி கசிந்தது.

கள்ளப்பாட்டில் கடல் போட்டுகளுக்கு பைபர் ஒட்டுகிற அண்ணை ஒருவரைத் தெரியும், அவரிடம் கொண்டுபோனேன். அவர் படகைப் பார்க்கவே இல்லை. பெட்டியில் மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டை எடுத்து நகத்தால் தட்டினார்.

“தம்பி, இது உள்வீட்டுப் பலகை. அலுமாரிக்குப் பின்னால அடிக்கிறது. நம்பாட்டி வீட்ட போய் அவிச்சுப் பார்.”

அவித்தோம். அக்கா பால் காய்ச்சுகிற சட்டியைத் தரமாட்டேன் என்று நின்றதால் பழைய கேத்தில். பீ.எஸ். 1088 என்று மரைன் பிளைக்கு ஒரு நியமம் இருக்கு. அதில் போடுகிற பசை கொதிதண்ணிக்கு அசையாத பசை. எங்களுடைய துண்டோ பதினைந்து நிமிடத்தில் ஊறின பேப்பர் மாதிரி மூன்று இதழாகப் பிரிந்து கேத்திலுக்குள் தனித்தனியாகச் சுத்திக்கொண்டு இருந்தது. தண்ணியில் அரிசிக் கஞ்சி வாசம். மருமகன் அதை வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினான்.

அப்போதுதான் அந்த வசனம் வந்தது: “நீங்கள் பிழையா ஒட்டிப்போட்டு எங்களைச் சொல்றியள். மரம் எண்டா தண்ணியில ஊறத்தானே அண்ணா செய்யும்.”

இதற்கு எனக்கு வந்த கோபம் காசுக்கு வரவில்லை. கென் வார்பி என்ற அவுஸ்திரேலியர் சிட்னியில் தன் வீட்டுக் கோடிக்குள் வைத்து மரத்தாலும் பிளையாலும் ஒரு படகு கட்டினார். கழித்துவிட்ட ஜெற் இயந்திரத்தைப் பூட்டி 1978 ஒக்டோபர் 8 இல் மணிக்கு 511 கிலோமீற்றர் ஓடினார். தண்ணீரில் அதை மிஞ்சின சாதனை இன்றைக்கும் இல்லை. ஓடினது பிளவரிங் என்ற நீர்த்தேக்கம், எங்களுடைய இரணைமடு மாதிரி வயலுக்குத் தண்ணி விடுகிற இடம்தான். மரம் ஊறுமாம்! இதை எல்லாம் தட்டி அனுப்பினேன். நீலச் சரி ரெண்டு விழுந்தது. அதன் பிறகு ஒரு செய்தியும் போகவில்லை, தடுத்துவிட்டான். பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 என்று இலக்கம் இருக்கு என்றார்கள். எடுக்கலாம் என்று இருந்தேன். ஆரைப் பற்றி முறையிடுவது? ரசீதும் இல்லை, கடையும் இல்லை, விலாசமும் இல்லை. வங்கிக் கணக்கில் இருந்த பெயரும் அவன் சொன்ன பெயரும் வேறு வேறு.

படகைப் பிரிக்கும்போது மிச்சக் கள்ளமும் வெளியே வந்தது. பசை துடைக்கத் தின்னர் நனைத்த சீலையால் ஒரு ஓரத்தைத் துடைத்தேன். சீலை ஊதா. இன்னொரு துண்டு, அதுவும் ஊதா. லேசர்க் கருகல் இல்லை, கறுப்பு மார்க்கர் பேனை! கைவாளால் வெட்டிப்போட்டு ஓரம் ஓரமாக மை பூசி இருக்கிறான். இவ்வளவு பொறுமையை வெட்டுவதில் காட்டி இருந்தால் நல்ல கிட் ஒன்றே வந்திருக்கும்.

வெட்டு ஏன் இறங்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெட்டிக்குள் வந்த வரைபடத்தின் மூலையில் ‘10 செ.மீ’ என்று ஒரு அளவுகோடு. அடிமட்டத்தை வைத்தேன், 9.7. ஆரோ ஒருவருடைய வரைபடத்தைப் போட்டோக்கொப்பி மெஷினில் தாளுக்கு அடங்கச் சுருக்கி, அதை ஒட்டி வெட்டி இருக்கிறான். கோடு சுருங்கினது, பலகையின் தடிப்புச் சுருங்குமா? 76 என்ற படகு 73.7. மோட்டர் பூட்டுகிற 25 மில்லிமீற்றர் ஓட்டைகள் 24 சொச்சம், அதனால்தான் மோட்டரைப் பூட்டும்போது ஆணி சரிந்து நின்றது. கிட் வாங்கினால் வேறு எதையும் தொட முதல் அந்தக் கோட்டை அளந்து பாருங்கோ. வாங்க முதலே அடிமட்டத்தை வைத்துப் படம் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லம்.

குத்தினதுக்குக் காரணம் ஸ்பொன்சன். கண்ணாடி மேசையில் படகை வைத்து, போனைப் பிடித்துக் கோணம் பார்த்தோம், இடது 3 பாகை, வலது 5. ரெண்டும் தனித்தனியாகக் கையால் வெட்டினது.

எறிய மனமில்லை. அடிப்பலகை முழுவதையும் கழற்றி வவுனியாவில் வாங்கின பிளை போட்டோம், கடைக்காரரிடம் துண்டு வாங்கி அவித்துப் பார்த்துவிட்டுத்தான். ஸ்பொன்சன் ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து 4 பாகைக்கு உரஞ்சினோம். கவிழ்ந்தாலும் தாழாமல் இருக்க உள்ளே ரிஜிபோம் அடைத்தோம். இதில் அவனில் பழி போட ஏலாத பிழை ஒன்று என்னுடையது: எபொக்சி முடிந்துபோச்சென்று கடல் போட்டுக்குப் பூசுகிற பைபர் ரெசினை ஊத்தினேன், ஒரு சுருட்டுப் பிடித்து முடிக்கிற நேரத்துக்குள் ரிஜிபோம் முழுக்கக் கரைந்து ஓட்டைதான் மிச்சம். பற்றரியை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்துகிற மாதிரி வைத்தோம். பாரம் பின்னால் கூடினால் காற்று மூக்கைத் தூக்கி மல்லாக்கப் போட்டுவிடும். 1967 இல் டொனால்ட் கம்பெல் என்ற ஆங்கிலேயர் வேகச் சாதனைக்கு ஓடிச் செத்ததும் படகு அப்படி மூக்குத் தூக்கித்தான். எங்களுக்கு ஒருக்கா மட்டும் அப்படிப் போச்சு. எடுக்கத் தெப்பத்தில் போனோம், முதலை உள்ள குளங்களில் நீந்தி எடுக்கிற விளையாட்டு வேண்டாம்.

இப்போது ஓடுது. நல்லாகவே ஓடுது. மருமகன் நீலம் பூசி, மேலே ‘வன்னி’ என்று எழுதி, குளக்கட்டில் வைத்துப் படம் எடுத்து எங்கேயோ போட்டான்.

தகட்டை வலப்பக்க ஸ்பொன்சனில் பூட்டும்போது அவன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். “மாமா, அவன்ட படத்தில இடப்பக்கம் எல்லோ இருந்தது?” பெரிய படகுகள் இடப்பக்கம் திரும்பி ஓடுகிறவை, அதுகளுக்குத் தகடு இடப்பக்கம். ரிமோட் படகு ஓட்டம் வலப்பக்கச் சுற்று, தகடு வலப்பக்கம். அப்போ அந்தச் சிவப்புப் படகு? ஆரோ வெளிநாட்டுக்காரருடைய படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரிப் புரட்டிப் போட்டிருக்கிறான், தேடினாலும் லேசில் அகப்படாது. இலக்கம் 8, புரட்டினாலும் 8 தான்.

போன கிழமை மருமகன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் போனை நீட்டினான். புதுப் பெயரில் ஒரு பக்கம். நீலப் படகு, எழுத்து இருந்த இடத்தில் மங்கலாக ஒரு பூச்சு. தகடு இடப்பக்கம். பின்னால் குளக்கட்டு, கட்டின் இடப்பக்கம் நிற்கிற மருதமரம் வலப்பக்கம் நிற்குது. கீழே அதே வசனம், ‘வெளிநாட்டு ஒரிஜினல், மரைன் பிளை, லேசர் வெட்டு.’

விலை 46,500.