ஜிஎன்யூ மேக்: எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பாத் (ஃபைல் முகவரி) விஷயத்தைத் தவிர

சேலம் செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்குத் தராசோடு பேசும் பில்லிங் புரோகிராம் எழுதுகிற நண்பர் ஒருவர் கேட்டார்: "மேக்ஃபைலே போதுங்களாண்ணா, இல்ல சிமேக்குக்கு மாறிடலாமுங்களா?" மேக் என்பது சோர்ஸ் ஃபைல்களிலிருந்து புரோகிராமைக் கட்டித் தரும் (பில்டு செய்யும்) கருவி, மேக்ஃபைல் அதற்கான குறிப்பு, சிமேக் அதே வேலைக்கான இன்னொரு கருவி. டார்கெட் (உருவாக்க வேண்டிய ஃபைல்), ரூல் (அதை உருவாக்கும் வழி) எல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் நேராக எரிச்சலுக்கே வருகிறேன்.

மேக்குக்கு ஃபைல் என்றால் அதன் பெயர்தான். 'லிப்/தராசு.ஏ' என்று ஓரிடத்திலும் '/ஹோம்/தேவ்/கொலுசு/லிப்/தராசு.ஏ' என்று இன்னோரிடத்திலும் எழுதினால், டிஸ்க்கில் ஒரே ஃபைல், மேக்கின் கணக்கில் இரண்டு டார்கெட். முன்னால் வரும் './' ஒன்றை மட்டும் அதுவே வெட்டிவிடும். நடுவில் '..' வந்தால்கூடக் கண்டுகொள்ளாது. மெயின் மேக்ஃபைலில் ரிலேட்டிவ் பாத் (இருக்கும் ஃபோல்டரிலிருந்து எழுதுவது), இன்க்லூட் செய்த (உள்ளே சேர்த்துக்கொண்ட) ஃபைலில் அப்சல்யூட் பாத் ('/'-இலிருந்து முழுசாக எழுதுவது) என்று கலந்துவிட்டால் ஒரே வேலை இரண்டு தடவை நடக்கலாம். சாதாரணமாக ஓட்டினால் அதிகம் போனால் நேரம்தான் வீண். நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யச் சொல்லும் 'ஜே4' போட்டு ஓட்டினால், லைப்ரரி ஃபைலைக் கட்டும் 'ஏஆர்' கமாண்ட் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே லைப்ரரியில் எழுதி அதைச் சிதைத்துவிடலாம். 'கிளீன்' செய்து (பில்டு ஆனதையெல்லாம் அழித்து) மறுபடி ஓட்டினால் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பில்டு லாகில் ஒரே ஃபைலுக்கான 'ஏஆர்' வரி இரண்டு தடவை வருகிறதா என்று பார்ப்பதுதான்.

அடுத்தது, இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று சொல்லும் 'பிடபிள்யூடி'. இது மேக்கின் சொந்த வேரியபிள் இல்லை, ஷெல்லிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்வது. 'மேக் -சி' என்று வேறு ஃபோல்டருக்குப் போனாலும் பழைய ஃபோல்டரையே காட்டும். 'சிடி' செய்துவிட்டு மேக்கைக் கூப்பிட்டால் சரியாகக் காட்டும், ஏனென்றால் ஷெல் அதை மாற்றிவிடுகிறது. ஒருவர் கணினியில் ஓடி இன்னொருவர் கணினியில் ஓடாத மேக்ஃபைல்கள் பலவற்றில் வில்லன் இதுதான். அதற்குப் பதில் மேக்கின் சொந்த வேரியபிளான 'கர்டிர்' போடுங்கள், தீர்ந்தது.

மேக்ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதைப் பிடிக்க, மேக் படித்த ஃபைல்களின் பட்டியலான மேக்ஃபைல்_லிஸ்ட்டை 'லாஸ்ட்வேர்டு' (கடைசிச் சொல்) செய்து, அதை 'அப்ஸ்பாத்' (முழு பாத்) செய்து, அதன்மேல் 'டிர்' (ஃபோல்டர் பகுதி மட்டும்) போட்டு 'ரூட்' என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்திலேயே மதிப்பைக் கணக்கிட்டு வைக்கும் ':=' கட்டாயம் வேண்டும். எந்த இன்க்லூடுக்கும் முன்னாலேயே எழுத வேண்டும், இல்லாவிட்டால் கடைசியாக இன்க்லூட் ஆன ஃபைலின் இடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதேபோல முழு பாத் தரும் 'ரியல்பாத்' இன்னும் உருவாகாத ஃபைலுக்குக் காலியாகத் திரும்பும் என்பதால், பில்டு ஆகப்போகிற ஃபைல்களுக்கு 'அப்ஸ்பாத்'தான் சரி.

இவ்வளவும் செய்த பிறகும் ஃபோல்டர் பெயரில் ஒரு ஸ்பேஸ் இருந்தால் போச்சு. '/ஹோம்/தேவ்/கொலுசு பில்/மேக்ஃபைல்' என்பதை 'டிர்' இரண்டு சொல்லாகப் பிரித்து '/ஹோம்/தேவ்/ பில்/' என்று கொடுக்கும். கிளீன் ரூலில் மேற்கோள் குறி இல்லாமல், கேட்காமலே முழுசாக அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' பின்னால் ரூட்டையும் 'பில்டு'வையும் சேர்த்து எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அழிவது பில்டு ஃபோல்டர் இல்லை, மொத்த ஹோம் ஃபோல்டர்! 'வேர்ட்ஸ்' ஃபங்ஷனால் கர்டிரில் எத்தனை சொல் என்று எண்ணி, ஒன்றுக்கு மேல் இருந்தால் 'எரர்' கொடுத்து நிறுத்தும் வரியை மேக்ஃபைலின் தலையிலேயே வைத்துவிடுங்கள். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக்கை எழுதியபோது இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. இன்றைக்கும் அப்படியே இருப்பதற்கு என்ன சமாதானம் சொல்வது?

கம்பைலரின் 'எம்எம்டி' ஆப்ஷன் உருவாக்கும் '.டி' ஃபைல்களிலும் (எந்த ஃபைல் எதை நம்பியிருக்கிறது என்ற பட்டியல்) இதே பாத் நோய்தான். ஹெடர் ஃபைல்கள் இருக்கும் இன்க்லூட் ஃபோல்டரை அப்சல்யூட்டாகக் கொடுத்தால் அதுவே உள்ளே பதிந்துவிடும். சேலத்தில் பில்டு செய்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து ஏற்காட்டு எஸ்டேட் எடைமேடைக் கணினியில் வேறு இடத்தில் வைத்து மேக் அடித்தால் 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று நிற்கும். 'எம்பி' ஆப்ஷனையும் சேர்த்தால் நிற்காது, மறுபடி கம்பைல் செய்துகொள்ளும்.

நியாயமாகச் சொன்னால் மேக் எந்த லினக்ஸிலும் கிடைக்கிறது, சின்ன போர்டிலும் சட்டென்று ஓடுகிறது, பல வருஷத்துப் பழைய மேக்ஃபைலும் இன்றைக்கு வேலை செய்கிறது. சிமேக் மட்டும் யோக்கியமா? பில்டு ஃபோல்டர் முழுக்க அப்சல்யூட் பாத்தை எழுதி வைக்கிறது, ஃபோல்டரை நகர்த்தினால் கேஷ் ஃபைல் சண்டைக்கு வருகிறது. ஆனால் ஸ்பேஸைத் தாங்குகிறது, ஒரே ஃபைலை இரண்டாக எண்ணுவது அபூர்வம்.

ஆகவே நண்பரே, புது புரோகிராமை சிமேக்கிலேயே ஆரம்பியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மேக்ஃபைலைத் தொடாதீர்கள். என்னிடம் மேக்கை விடச் சொன்னால் மட்டும் விடமாட்டேன்.

எதில் பில்டு செய்தாலும் பட்டறைக்குக் கொடுக்கும் முன் பைனரியில் (கம்பைல் ஆன புரோகிராமில்), உள்ளிருக்கும் எழுத்துகளைக் காட்டும் 'ஸ்ட்ரிங்ஸ்' கமாண்டை ஓட்டி '/ஹோம்' என்று தேடுங்கள். அது இருந்தால், புரோகிராம் தன்னைத்தானே சோதித்து நிற்கும்போது வரும் அசெர்ட் எரர் வழியாக உங்கள் ஃபோல்டர் பெயர் கடைக்காரர் திரையில் வந்து நிற்கும். இதைத் தவிர்க்க ஜிசிசி கம்பைலரில் 8-ஆம் பதிப்பு முதல் 'எஃப்ஃபைல்-ப்ரிஃபிக்ஸ்-மேப்' ஆப்ஷன் இருக்கிறது, ரூட்டை '.' ஆக மாற்றச் சொல்லிக் கொடுத்தால் போதும்.