சமுதாயக் கூடத்துக்கு எந்தக் கூரை: தார்சா, ஷீட்டா, சீமை ஓடா?

ஊருக்குப் பொதுவாக ஒரு கூடம் கட்டலாம் என்று கொங்குப் பக்கம் பேச்செடுத்தால் மூன்று வரைபடம் வந்துவிடும். வசதியானவர்கள் "ஏசி போட்ட தார்சு மண்டபமே கட்டிப்போடலாமுங்க" என்பார்கள். தார்சு என்றால் கான்கிரீட் தளம். சிக்கனக்காரர்கள் இரும்புச் சட்டங்களைக் கோத்த டிரஸ் நிறுத்தித் தகர ஷீட் போட்டால் சீக்கிரம் முடியும் என்பார்கள். இயற்கை ஆர்வலர் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவர் சூளையில் சுடாத மண்கல்லில் சுவரும், மங்களூர் ஓடு என்கிற சீமை ஓடும் கேட்பார். அப்புறம் வாக்குவாதம் என்னவோ சுவரைப் பற்றியே நடக்கும். என்னைக் கேட்டால் கூரையும் திசையும் முடிவானபிறகு சுவரைப் பேசினால் போதும்.

நூறடி நீளம், நாற்பதடி அகலத்தில் ஒரு கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை 4,000 சதுர அடி. பன்னிரண்டடிச் சுவர் நான்கு பக்கமும் சேர்ந்தே 3,360 சதுர அடிதான். அதிலும் பெரும்பகுதி கதவும் ஜன்னலும். கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் 11 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருப்பவை. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் உச்சிப் பொழுது நேராகத் தலைக்கு மேல் நிற்கும். வெயிலின் முழு அடியையும் வாங்குவது கூரைதான்.

இந்தக் கூடம் எப்போது நிறையும் என்பதை யாரும் கேட்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கூட்டம் நெரிவது வைகாசியில், அதுவும் இரவில். முதல் நாள் மாலை வரவேற்பு, இரவெல்லாம் சீர், விடியற்காலை முகூர்த்தம். அதாவது நமக்கு வேண்டியது பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிப்போகிற கூரை.

தார்சு இங்கேதான் தோற்கிறது. கான்கிரீட் கனமானது, வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். மதியம் மொட்டைமாடியில் காய்ந்த வெயில் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே வந்து சேரும். சரியாக மாப்பிள்ளை அழைப்பு நேரத்துக்கு! பள்ளிக்கூடம் மாதிரி சாயங்காலம் பூட்டிவிடுகிற கட்டடத்துக்கு இது பெரிய குறையில்லை. மேலே தட்டையான சுட்ட ஓடு (தட்டோடு) பதித்து வெள்ளையடித்தால் சூடு நிறையக் குறையும், அதைச் செய்யாமல் விடவே கூடாது.

ஏசி போட்டால் தீராதா என்றால், கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவர் உடம்பிலிருந்தே சுமார் 100 வாட் வெப்பம் வரும். 500 பேருக்கு 50,000 வாட். ஒரு டன் ஏசி தள்ளுவது 3,500 வாட். ஆக, ஆட்களுக்கு மட்டுமே 14 டன் வேண்டும். கூரை, விளக்கு, திறந்து திறந்து மூடுகிற கதவு எல்லாம் தனி. வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற கூடத்துக்கு இவ்வளவு இயந்திரமும் ஜெனரேட்டரும் ஊர்ப்பணத்தில் தண்டம் என்பது என் கட்சி.

ஷீட் இதற்கு நேரெதிர். பகலில் அடுப்பு, பொழுது சாய்ந்தால் சட்டென்று ஆறிவிடும். செலவும் குறைவு. ஆனால் ஐப்பசி முகூர்த்தத்தில் மழை பிடித்தால் நாதஸ்வரமும் கேட்காது, மந்திரமும் கேட்காது. இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் போட்டால் சூடும் சத்தமும் அடங்கும், செலவு ஏறும். அந்தச் செலவுக்கு ஓட்டைப் பார்க்கலாம்.

சீமை ஓடு இரண்டு நல்லதையும் சேர்த்துத் தருகிறது. கனம் கம்மி, ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று கசியும். முகட்டில் நீளத்துக்கு ஒரு திறப்பு விட்டு மேலே சின்னத் தொப்பிக்கூரை வைத்தால் சூடான காற்று தானாக ஏறி வெளியேறும். உயரம் இருப்பதால், மில்களில் தொங்குகிற பெரிய இறக்கை மின்விசிறியை மாட்டலாம். இருபதடிக்கு மேல் விட்டமுள்ள அந்த விசிறி ஒன்று சுமார் ஒன்றரை கிலோவாட்டுக்குள் கூடத்தின் பெரும்பகுதிக்குக் காற்றைக் கொடுத்துவிடும். குறையும் உண்டு. தேங்காயோ குரங்கோ விழுந்தால் ஓடு உடையும், ஒழுகும். வருடா வருடம் ஓடு மாற்ற ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இப்போது கிடைப்பதில்லை. பராமரிப்புக்குப் பொறுப்பெடுக்க ஆளில்லாத ஊர் ஓட்டை விட்டுவிட்டு பஃப் பேனல் போடுவதே மேல்.

திசையில் கொங்குக்கென்று ஒரு சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று மேற்கிலிருந்து வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். சாயங்கால வெயிலும் அதே மேற்குதான். வெயிலுக்குப் பயந்து மேற்கை அடைத்தால் காற்று போச்சு, திறந்தால் வெயில் உள்ளே. கூடத்தைக் கிழக்கு மேற்காக நீளவிட்டு, குறுகலான மேற்குப் பக்கத்தில் பத்தடி ஆழத்துக்கு ஒரு ஆசாரமும் (தாழ்வாரம்) துளைவைத்த ஜாலிச் சுவரும், அதற்கு முன்னால் புங்கனும் வேம்பும் வைப்பதுதான் நடுவழி. வைகாசித் தொடக்கத்தில் காற்று பெரிதாக வராது என்பதால் முகட்டுத் திறப்பை விட்டுவிடக் கூடாது.

சுவருக்கு வருவோம். செம்மண் பூமியாக இருந்தால் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல் அருமை, சூளையே வேண்டாம். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் அதற்கு ஆகாது. சுருங்கி விரிகிற மண். வெளியிலிருந்து லாரியில் செம்மண் கொண்டுவந்து 'இயற்கைக் கட்டடம்' என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செங்கல்லுக்காக மண் தோண்டித் தோண்டிக் கோவையை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கு குழிகுழியாகிப் போனதும், 2021-ல் அங்கே அனுமதியில்லாத சூளைகள் மூடப்பட்டதும் கோவைக்காரர்களுக்குத் தெரியும். கரிசல் ஊருக்கு மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லே போதும். செங்கல்தான் வேண்டுமென்றால் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (Laurie Baker) பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் கட்டலாம். கல்லை நிறுத்திவைத்து நடுவே இடைவெளி விடுவதால் கால்வாசி கல் மிச்சம்.

சாப்பாட்டுக் கூடம் தனியாகத் தார்சாகவே இருக்கட்டும். அதன்மேல் சோலார் தகடு போட்டால் தளத்துக்கு நிழலும் ஆச்சு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி பிடிக்கும், நாளைக்கு நான்கு யூனிட் வரும். ஓட்டுக் கூரையிலிருந்து 600 மி.மீ. மழையில் முக்கால் பங்கைப் பிடித்தாலே வருடத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் தொட்டிக்கு வரும். சமையல்கட்டைத் தென்கிழக்கில் வைக்கச் சொல்கிற வாஸ்துக்காரரோடு சண்டை வேண்டாம். மேல்காற்று அடிக்கிற மாதங்களில் அடுப்புப் புகை பந்தியின் பக்கம் வராமல் கிழக்கே போய்விடும்.