வாரச் சம்பளமா, கால்ஷீட்டா, சொந்தக் கூரையா?

அறுபதுகளின் அமெரிக்காவில் சோல், ஃபங்க் என்ற கறுப்பின இசை வகைகளை வாசித்துப் பிழைக்க நினைத்தவருக்கு மூன்று வழிகள் இருந்தன. மூன்றிலும் இருந்தவர்கள் அசகாய சூரர்கள், அதனால் திறமையை அளக்கப் போவதில்லை. ரெக்கார்டிங் டேப் நின்ற பிறகு கையில் என்ன மிஞ்சியது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் வாரச் சம்பளம். டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஆஸ்தான வாத்தியக் குழு ஒன்று இருந்தது. ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். வாடகைக்குக் கவலையில்லை, தினமும் ஒரே ஆட்களோடு வாசிப்பதால் கண்ஜாடையிலேயே பாட்டு உருவாகிவிடும். ஆனால் வெளியில் வாசிக்கக் கூடாது, பிடிபட்டால் அபராதம். வாசிக்காமல் இருந்தார்களா என்ன? 1967இல் ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்' பாட்டுக்காகச் சிலர் சிகாகோவுக்கே போய் வாசித்துவிட்டு வந்தார்கள்.

அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசிப்பார்; அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயர். தந்தி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். அழுக்கேறிய தந்தியில்தான் அந்தக் கும்மென்ற நாதம் வரும் என்பது அவர் கட்சி. இவ்வளவு வாசித்தும், 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை மோடவுன் ஆல்பங்களில் இவர்கள் பெயர் அச்சாகவில்லை. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டியது. பலர் டெட்ராய்ட்டிலேயே நின்றுவிட்டார்கள். கூடப் போன ஜேமர்சனுக்கு அந்த ஊர் ஒட்டவில்லை.

மெம்ஃபிஸில் இருந்த ஸ்டாக்ஸும் ஆஸ்தானக் குழு வைத்திருந்த கம்பெனிதான். ஒரு பழைய சினிமா தியேட்டர்தான் ஸ்டுடியோ. அங்கே வாசித்தவர்கள் புக்கர் டி அண்ட் தி எம்ஜீஸ் என்ற தங்கள் பெயரிலேயே 1962இல் 'கிரீன் ஆனியன்ஸ்' போட்டு ஹிட் அடித்தார்கள். கிட்டார்காரர் ஸ்டீவ் கிராப்பர் இன்னும் விவரமானவர். லொரெய்ன் மோட்டல் அறையில் பாடகர் வில்சன் பிக்கெட்டோடு உட்கார்ந்து 'இன் தி மிட்நைட் அவர்' எழுதினார். வாசித்ததற்குக் கூலி ஒரு தடவை. எழுதியதற்கு, பாட்டு ஓடும் காலமெல்லாம். சம்பளத்துக்குப் போகிறவர் கிட்டாரோடு ஒரு பேனாவும் எடுத்துப் போவது நல்லது.

அடுத்தது கால்ஷீட். நியூயார்க்கில் யார் கூப்பிட்டாலும் போய் வாசிக்கிற பிழைப்பு. இசைக்கலைஞர் சங்கக் கணக்கில் ஒரு செஷன், அதாவது ஒரு பதிவு அமர்வு, மூன்று மணி நேரம். அந்த அமர்வுக்குத் தலைவராக இருப்பவருக்கு இரட்டைக் கூலி. டிரம்மர் பெர்னார்ட் பர்டி இதில் கில்லாடி. தன்னை எடுத்தால் பாட்டு ஹிட் என்று அட்டையில் எழுதி டிரம்ஸ் பக்கத்திலேயே வைப்பாராம். கொஞ்சம் ஓவர்தான், ஆனால் வேலை செய்தது. பாடகி அரீதா ஃபிராங்க்ளின் முதல் ஸ்டீலி டான் குழு வரை கூப்பிட்டார்கள். எந்த முதலாளியும் ஊரைக் காலி செய்து அவரை நடுத்தெருவில் விட முடியாது. ஆனால் போன் அடிக்காவிட்டால் அன்றைக்குப் பட்டினி.

மூன்றாவது, சொந்தக் கூரை. அலபாமாவில் ஃபேம் ஸ்டுடியோவுக்கு வாசித்துக்கொண்டிருந்த ரோஜர் ஹாக்கின்ஸ், டேவிட் ஹூட், ஜிம்மி ஜான்சன், பேரி பெக்கெட் நால்வரும் 1969இல் பிரிந்து, 3614 ஜாக்சன் ஹைவேயில் மஸ்கல் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரிலேயே ரோலிங் ஸ்டோன்ஸ் வந்து 'பிரவுன் ஷுகர்' பதிவு செய்தார்கள். வாசித்த கூலியும் இவர்களுக்கே, ஸ்டுடியோ வாடகையும் இவர்களுக்கே.

என் ஓட்டு இதற்குத்தான், ஒரு உறுத்தலோடு. இந்த நால்வருக்கும் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டுக் கம்பெனி கடன் கொடுத்துத் தூக்கிவிட்டது. நால்வரும் வெள்ளையர்கள். அதே வருடம் டெட்ராய்ட்டின் கறுப்பினக் கலைஞர்கள் போய்க் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

1985இல் மஸ்கல் ஷோல்ஸ் நால்வரும் ஸ்டுடியோவை மலாக்கோ என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு விற்றார்கள். ஜேமர்சன் அதற்கு இரண்டு வருடம் முன்பு, 47 வயதில் இறந்துபோயிருந்தார். அவரிடம் 1962ஆம் வருட ஃபெண்டர் பேஸ் கிட்டார் ஒன்று இருந்தது. அதையும் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னால் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.